பற்றிமாவின் வலது கால்

போன கிழமை வாசிச்சுப்போட்டுக் கனபேர் போன் எடுத்தவை. "யோகமக்கா, பிளோறன்ஸ் அந்தத் தமக்கைக்காரியைச் சும்மா விடப்போறாளோ?" எண்டு எல்லாருக்கும் ஒரே கேள்வி. பொறுங்கோ, சொல்லத்தானே வந்தனான்.

முதலிலை, புதிசாய் வாசிக்கிற ஆக்களுக்கு. பிளோறன்ஸ் என்ரை தம்பி கிருபன்ரை மனிசி. பிலிப்பைன்ஸ்காரி. இங்கை ஹம்பேர்க்கிலை காயம் கட்டுற நேர்ஸ். வீடு வீடாய்ப் போய், சீனி வருத்தக்காரரின்ரை கால் புண்ணைத் துப்புரவாக்கி மருந்து கட்டுறதுதான் அவளுக்குத் தொழில். அப்பிடிப்பட்ட பிள்ளையின்ரை தகப்பனுக்கு அங்கை மணிலாவிலை, அதே சீனியாலை, இடது காலை முழங்காலோடை எடுத்து இரண்டு வருசம். அவளுக்கு ஒரு குஞ்சும் சொல்லேல்லை.

ஒவ்வொரு கிழமையும் வீடியோவிலை கதைச்சவள். அவையள் தகப்பனை நெஞ்சுக்கு மேலை மட்டும் காட்டினவை. ஆரோ சொந்தக்காரப் பெடியன் கலியாண வீட்டுப் படத்தை இன்ரநெற்றிலை போட, அதிலைதான் அவள் கண்டது. மனிசன் சக்கரக் கதிரையிலை இருக்கிறார். காற்சட்டையின்ரை ஒரு பக்கத்தை மடிச்சு ஊசியாலை குத்திக் கிடக்கு.

இந்த ஒளிப்புக்கெல்லாம் தலைமை தமக்கை பற்றிமா. அந்தப் பற்றிமாதான் பிளோறன்ஸின்ரை மகளின்ரை முதல் நன்மைக்கு, அதுதான் கோயிலிலை முதன்முதல் நற்கருணை வாங்கிற சடங்குக்கு, வந்து ஒரு கிழமையாய் வீட்டிலை நிக்கிறா. பிளோறன்ஸுக்கு விசயம் தெரியும் எண்டது பற்றிமாவுக்குத் தெரியாது.

எனக்கு ஏன் இவ்வளவு கொதி எண்டு கேப்பியள். நான் அகதி முகாமிலை இருக்கேக்கை எங்கட அப்பு செத்துப்போனார். "தனிய இருக்கிற பிள்ளை, தாங்காது" எண்டு வீட்டுக்காரர் கடிதத்திலை எழுதாமல் விட்டிட்டினம். புதிசாய் வந்து இறங்கின ஊர்ப் பெடியன் ஒருத்தன் என்னைக் கண்டவுடனை துக்கம் விசாரிச்சான். அவன்ரை வாயாலைதான் எனக்குத் தெரியவந்தது. அண்டைக்கு எரிஞ்ச வயிறு இண்டைக்கும் எரியுது. அதாலை பிளோறன்ஸின்ரை கோபம் என்ரை கோபம். விடாதை, நல்லாய்க் குடு எண்டு அவளுக்கு உருவேத்தினதும் நான்தான்.

இனி இந்தச் சனிக்கிழமைக்கு வாறன். அடுத்த நாள் முதல் நன்மை. விடியவே பெரிய ஸ்ரேசனடிக் கடையிலை பாவக்காய் வேண்டிக்கொண்டு எஸ்-பான் ரெயின் ஏறிப் போனன். கிருபன் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு ஒத்திகைக்குப் போயிட்டான். வீட்டிலை தங்கச்சியும் தமக்கையும்தான்.

பற்றிமா மேசையிலை இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தா. காலமை ஒன்பது மணிக்குச் சோறு. பக்கத்திலை பாகு ஊத்தின முட்டைப் புடிங்.

"யோகம், வாங்கோ, சாப்பிடுங்கோ," எண்டா. அவ கதைக்கிறது இங்கிலிஸ். நான் என்ரை தமிழிலை எழுதுறன்.

"உங்களுக்குச் சீனி எல்லே, புடிங் சாப்பிடலாமோ?" எண்டன்.

"அதுக்குத்தானே இது." கைப்பையைத் திறந்து இரண்டு குளிசையை எடுத்து வாயிலை போட்டா. "என்ரை மெயின்ரெனன்ஸ். விருந்து நாளிலை ரெண்டாய்ப் போடுறது. உடம்புக்குத் தெரியாது."

மெயின்ரெனன்ஸ் எண்டால், காருக்கு ஒயில் மாத்துற கணக்கு. அவையளின்ரை வீட்டிலை தினக் குளிசைக்கு அதுதான் பேர். ஒராளின்ரை முடிஞ்சால் மற்றாளின்ரையிலை எடுத்துப் போடுவினம். காலமை எழும்பினவுடனை குடும்பக் குறூப்பிலை எல்லாரும் தங்கட சீனி மெசினைப் படம் பிடிச்சுப் போடுவினம். ஆருக்குக் கூடவோ அவருக்குத்தான் கூடப் பகிடி. "நீ அவ்வளவு இனிப்பான ஆள்" எண்டு சிரிப்புப் படம் அனுப்புவினம். பாவக்காய்ச் சாறு ஆர் குடிச்சது, முருங்கையிலை ஆர் அவிச்சது எண்டு ஒரே கதை.

எங்கட சனம் கலியாணம் பேசி முடியுமட்டும் சீனியைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டும். இவையள் அதை நடு வீட்டிலை வைச்சுப் பகிடி விடுவினம். ஆனால் இன்சுலின் ஊசி எண்டு டொக்டர் சொன்னால் போச்சு. ஊசி போட்ட பெரியப்பா செத்தவராம், அப்ப கொண்டது ஊசிதானாம். அதுக்குப் பிறகு காலோ கண்ணோ கிட்னியோ எண்டு வந்திட்டால் ஒரு கதையும் இல்லை. வாய்க்குப் பூட்டு. அதிலையும் வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளைக்கு மூச்சும் விடமாட்டினம்.

நான் குசினிக்குள்ளை போனன். பிளோறன்ஸ் கோழிக்கு உள்ளி அரிஞ்சுகொண்டு நிண்டாள்.

"இன்னும் கேக்கேல்லையோடி? வாய்க்குள்ளை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்?" எண்டன்.

"கேட்டால் அழுவா மச்சாள்." எங்கட வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருசத்திலை அவளின்ரை தமிழ் என்ரையை விடத் துப்புரவு. "அழுதால் நான் மன்னிக்கவேணும். எனக்கு மன்னிக்க விருப்பம் இல்லை."

"அப்ப?"

"பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒரு வழி வரும்."

வந்தது. சாப்பிட்டு முடிய, பற்றிமா சோபாவிலை சாய்ஞ்சுகொண்டு கூப்பிட்டா. "பிளோறன்ஸ், புதுச் சப்பாத்து கடிச்சுப்போட்டுது போலை. சும்மா ஒருக்காப் பாரன். நேர்ஸின்ரை வீட்டிலை நிண்டுபோட்டுச் சும்மா போறதே."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. பிளோறன்ஸ் தன்ரை வேலைப் பையைக் கொண்டுவந்தாள். கையுறை போட்டு, லைற்றைப் பிடிச்சு, நிலத்திலை முழங்காலிலை இருந்து தமக்கையின்ரை வலது காலைத் தூக்கி மடியிலை வைச்சாள். சொக்ஸ் லேசிலை வரேல்லை. உள்ளங்காலோடை ஒட்டிக் கிடந்தது. கழட்ட ஒரு மணம் வந்தது, ரெண்டு நாள் கழுவாமல் விட்ட மீன்சட்டி மாதிரி.

பெருவிரலுக்குக் கீழை தடிச்ச தோல். அதின்ரை நடுவிலை கறுப்பாய் ஒரு புள்ளி. பிளோறன்ஸ் தோலை மெல்லச் சுரண்ட அந்தப் புள்ளி வாயைத் திறந்தது. மெல்லிய கம்பி ஒண்டை எடுத்து உள்ளை விட்டாள். போய்க்கொண்டே இருந்தது. பிறகு எதிலையோ போய் முட்டி நிண்டது. 

பற்றிமா கேக் கடையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தா. ஸ்ரோபெறி போடச் சொன்னனியோ, கிறீம் கூடவோ எண்டு. கம்பி உள்ளை நிக்குது, சீனியாலை மரத்த கால், அவவுக்கு ஒரு மண்ணும் தெரியேல்லை.

பிளோறன்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தமக்கையைப் பார்த்தாள். காயத்தைக் கழுவி, பஞ்சு வைச்சு ஒட்டி, புதுச் சொக்ஸ் ஒண்டைப் போட்டுவிட்டாள்.

"ஒண்டுமில்லை ஆத்தே. சப்பாத்துக் கடிதான்," எண்டாள். ஆத்தே எண்டால் அவையளின்ரை பாசையிலை அக்கா.

பற்றிமாவின்ரை முகத்தைப் பார்க்கோணும். கண்ணை மூடிச் சிலுவை போட்டா. தங்கச்சியின்ரை தலையை இழுத்து உச்சியிலை கொஞ்சினா. ஒரு சப்பாத்துக் கடிக்கு இவ்வளவோ எண்டு எனக்கு அப்பவே மூளையிலை தட்டினதுதான். ஆனால் மற்ற யோசினை பெரிசாய் நிண்டபடியால் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை.

குசினிக் கதவைச் சாத்தினன்.

"எடியே, அது எலும்பு."

"ஓம் மச்சாள். எலும்பு."

"நீ சொல்லேல்லை."

"சொல்லேல்லை." கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக்கொண்டே இருந்தாள். "செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறுவா. அங்கை போய்க் காச்சல் வரும், கால் வீங்கும். இண்டைக்கு எண்டால் விரலோடை போகும். அடுத்த மாசம் எண்டால் கால். ஒவ்வொரு நாளும் ஜேர்மன்காரருக்கு நான் சொல்லுற விசயம் இது. அப்ப எனக்குப் போன் எடுப்பினம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே எண்டு நான் கேப்பன்."

உண்மையைச் சொல்லுறன், அந்த நேரம் என்ரை நெஞ்சு குளிர்ந்தது. நல்லாய் வேணும். ரெண்டு வருசம் ஒரு பிள்ளைக்கு அரைத் தகப்பனைக் காட்டினவைக்கு இது காணாது எண்டும் நினைச்சன். இப்பிடி ஒரு பழி எனக்கு அகப்படேல்லையே எண்டு பொறாமையும் வந்தது. பாவக்காயை எடுத்து அரியத் தொடங்கினன்.

மூண்டு காய் அரிய முதல் அந்தச் சந்தோசம் எங்கையோ போட்டுது. சோபாவிலை பற்றிமா பாட்டு முணுமுணுக்கிறது கேக்குது. நல்ல குரல், கோதாரி. கத்தியைக் கீழை வைச்சன்.

"பிள்ளை, விரலோடை நிப்பாட்டலாம் எண்டனீ எல்லோ."

"மச்சாள், நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

"விசரே உனக்கு?"

"உங்கட அப்புவை ஒளிச்சவையை நீங்கள் மன்னிச்சிட்டியளோ?"

 நான் சத்தியம் பண்ணினன்.

பின்னேரம் மூண்டு மணிக்கு அவையளின்ரை குடும்பம் வீடியோவிலை வரும். அடுத்த நாள் கோயில் எண்டபடியால் இந்தமுறை சனிக்கிழமை. கிருபனும் மகளும் கேக் எடுக்கப் போனவை இன்னும் வரேல்லை. போனைச் சோறு அவிக்கிற மெசினோடை சாத்தி நிப்பாட்டிச்சினம். பெட்டி பெட்டியாய் முகங்கள், அங்கை ராத்திரி ஒன்பது மணி. நடுப் பெட்டியிலை தகப்பன். நரைச்ச தலை, தோய்ச்ச சேட்டு, நெஞ்சோடை சரி. தகப்பனை அவையள் தாத்தாய் எண்டு கூப்பிடுவினம்.

எல்லாரும் கத்திக் குளறி நலம் விசாரிச்சு முடிய, பற்றிமா கையைத் தட்டினா. "பொறுங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும். ஒருத்தரும் ஏசக்கூடாது."

எனக்கு விளங்கவெண்டு இடைக்கிடை இங்கிலிஸுக்கும் மாறிக் கதைச்சா; பன்னிரண்டு வருசமாய்க் கேட்டதிலை அவையளின்ரை பாசையும் எனக்கு அரைகுறையாய்ப் பிடிபடும். அவ சொன்னது இதுதான். ஊரிலை அவவின்ரை காலைப் பார்த்த டொக்டர், பெருவிரலை எடுக்கவேணும், வாற வெள்ளிக்கிழமை வந்து படு எண்டு சொல்லிப்போட்டார். அவ அதைப் புருசனுக்கும் சொல்லேல்லை, பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. அங்கத்தை டொக்டரை நம்பவும் இல்லை. முதல் நன்மையைச் சாட்டி இங்கை பறந்து வந்ததே தங்கச்சியிட்டைக் காலைக் காட்டத்தான். ஒரு கிழமையாய்க் கேக்கப் பயந்து, இண்டைக்குத்தான் கேட்டிருக்கிறா.

"பிளோறன்ஸ் பார்த்திட்டாள். சப்பாத்துக் கடியாம். ஒண்டுமில்லையாம்."

பெட்டிக்குள்ளை இருந்த முகமெல்லாம் கைதட்டிச்சுது. ஒரு மனிசி கண்ணைத் துடைச்சா. ஜேர்மனியிலை வேலை செய்யிற நேர்ஸ் எல்லோ, அவள் சொன்னால் அதுக்கு மேலை என்ன எண்டு ஆரோ கத்தினது எனக்கும் விளங்கிச்சுது.

"மகளே, விடிஞ்சவுடனை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து அந்த வெள்ளிக்கிழமை ஒப்பரேசன் வேண்டாம் எண்டு சொல்லு," எண்டா பற்றிமா, போனுக்குள்ளை இருந்த ஒரு பெட்டையிட்டை.

நான் மேசைக்குக் கீழாலை பிளோறன்ஸின்ரை துடையிலை கிள்ளினன். சத்தியமாவது மண்ணாவது. அவள் அசையேல்லை. அவளின்ரை முகம், கழுவிவிட்ட கோப்பை மாதிரி வெறுமையாய்க் கிடந்தது.

அப்பதான் தாத்தாய் வாயைத் திறந்தார். மெல்லிய குரல், மற்றவையள் கொஞ்சம் அடங்கிச்சினம்.

"பிளோறன்ஸ் பார்த்தவளோ? அப்ப சரி. அவள் பார்த்தால் சரி." மனிசன் தலையை ஆட்டினார். "என்ரையையும் அவள் பார்த்திருந்தால்..."

அதோடை நிண்டிட்டார்.  பற்றிமா விழுந்தடிச்சுக்கொண்டு, "தாத்தாய்க்கு நித்திரை வருது, கொண்டுபோய்ப் படுக்க விடுங்கோ," எண்டா.

"உங்கட எதை, தாத்தாய்?" எண்டு கேட்டாள் பிளோறன்ஸ்.

மனிசன் குனிஞ்சு தன்ரை மடியைப் பார்த்தார். அவள் திரும்பவும் கேட்டாள்.

"உங்கட எதை நான் பார்த்திருக்கவேணும்?"

"காலை," எண்டார் மனிசன்.

ஒரு பெட்டி அணைஞ்சுது. அடுத்தது அணைஞ்சுது. மச்சாள்மார், மருமக்கள், பெரியம்மா எல்லாரும் ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தராய் ஓடி ஒளிச்சினம். பற்றிமா எட்டிப் போனைப் பிடிச்சுக் குப்புறக் கவுட்டு வைச்சா.

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீங்கள் வர முதலே."

"தெரிஞ்சுகொண்டோ ஒரு கிழமையாய் எனக்குச் சமைச்சுப் போட்டனீ? சிரிச்சனீ?"

"நீங்கள் ரெண்டு வருசம் சிரிச்சனீங்கள் தானே ஆத்தே."

"நீ இங்கை தனிய. சொன்னால் அழுதுகொண்டு ஓடி வந்திருப்பாய். சின்னப் பிள்ளையோடை, வேலையையும் விட்டுப்போட்டு. வந்து என்னத்தைச் செய்திருப்பாய்?"

"காலைப் பார்த்திருப்பன்." பிளோறன்ஸ் எழும்பினாள். "அதுதானே என்ரை வேலை. நீங்கள் தாத்தாயின்ரை காலை எடுத்த அதே காலத்திலை இங்கை ஒரு கிழவனுக்குக் கால் எடுக்கவேணும் எண்டு இருந்தது. நாள் தவறாமல் போய்க் கட்டினன். அந்த மனிசன் இப்ப நாயைக் கூட்டிக்கொண்டு நடக்குது. ஆரோ பெத்த மனிசன். என்னைப் பெத்தவருக்கு நான் ஒரு பஞ்சும் வைக்கேல்லை. வைக்க நீங்கள் விடேல்லை."

 பற்றிமா மெல்லமாய்க் குனிஞ்சு தன்ரை காலைப் பார்த்தா. புதுச் சொக்ஸ், வெள்ளை. பெருவிரலடியிலை ஒரு சின்ன ஊறல் பிடிச்சிருந்தது.

"பிளோறன்ஸ், என்ரை கால்?"

இதுக்குத்தான் அவள் காத்திருந்தவள் எண்டு நான் நினைக்கிறன். வேலைக்குப் போற வீட்டிலை கதைக்கிற குரலிலை, ஆறுதலாய்ச் சொன்னாள்.

"ஓட்டை. உள்ளுக்குச் சீழ். கம்பி எலும்பிலை முட்டுது. உங்கட டொக்டர் சொன்னது சரி. நான் காலமையே கண்டிட்டன். கண்டுபோட்டுத்தான் ஒண்டுமில்லை எண்டு சொன்னனான். எப்பிடி ஆத்தே இருக்கு, உங்களுக்கு ஒருத்தர் சொல்லாமல் விடேக்கை?"

பற்றிமா கத்துவா எண்டு பார்த்தன். தங்கச்சியின்ரை கன்னத்திலை ஒண்டு போடுவா எண்டு பார்த்தன். நான் எண்டால் போட்டிருப்பன். அவ கதிரையைப் பிடிச்சு மெல்ல இருந்தா. முகத்தைக் கையாலை வழிச்சுத் துடைச்சா. பிளோறன்ஸ் முன்னாலை நிண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள், இவ்வளவு நாளும் கேட்டது கையிலை கிடைச்ச ஆள் மாதிரி.

"சரி," எண்டா பற்றிமா. "விரலை எடுக்கட்டும். காலை எண்டாலும் எடுக்கட்டும். நான் அங்கை போய்ப் பார்க்கிறன்." தங்கச்சியின்ரை கையைப் பிடிச்சா. "ஆனால் தாத்தாய்க்கு மட்டும் சொல்லிப்போடாதை. வயது போன மனிசன். தாங்கமாட்டார்."

எனக்கு வந்த கோபத்துக்கு, இந்தக் குடும்பத்தை என்ன செய்தால் திருந்தும் எண்டு கேக்க வாயெடுத்தன்.

அப்பதான் மேசையிலை, குப்புறக் கிடந்த போனுக்குக் கீழை இருந்து சத்தம் வந்தது.

"பற்றிமா. நான் இன்னும் போகேல்லை."

மற்றவையள் எல்லாம் கட் பண்ணிக்கொண்டு ஓடினவை. மனிசனுக்குப் போனை நிப்பாட்டத் தெரியாது. எந்த நாளும் ஆராவது பேரப்பிள்ளைதான் அமத்திவிடுறது. இண்டைக்கு ஒருத்தரும் பக்கத்திலை இல்லைப் போலை. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

பற்றிமா ரெண்டு கையாலையும் வாயைப் பொத்தினா. தாத்தாய் அவவோடை மேற்கொண்டு கதைக்கேல்லை.

"பிளோறன்ஸ்," எண்டார். "உன்ரை அக்காவின்ரை காலை நீ காலமையே கண்டனீ எண்டாய். அது உண்மையோ மகளே?"

பன்னிரண்டு வருசத்திலை பிளோறன்ஸ் பயந்து நான் பார்த்ததில்லை. பெரிய டொக்டர்மாரையே எதிர்த்துக் கதைக்கிறவள். அவள் பின்னுக்குப் போய்ச் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டாள்.

"போனை ஒருக்கா நிமித்துங்கோ," எண்டார் மனிசன். "எனக்கு அவளைப் பார்க்கவேணும்."

அந்த அறைக்குள்ளை மூண்டு பொம்பிளையள். ஒருத்திக்கும் கை போகேல்லை.